காக்கை, பனம்பழம், டால்பின்

கடலோர டால்பின்களின் உடலில் குடியிருக்கும் புழுக்கள் அவற்றைக் கொல்கின்றனவா, அல்லது அவற்றோடு வாழ்ந்துவருகின்றனவா?

கரையோரத்து நீரில் மேலெழும்பி, ஒரு கணத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி வளைந்து மூழ்கும் டால்பினைப் பார்க்கிறவர்கள், நோய்நொடி இன்னதென்று அறியாத பிராணி உலகில் ஒன்று உண்டென்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்வது இயல்பே. தாடையெலும்பின் அமைப்பினால் அதன் முகத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட புன்னகைத் தோற்றமும் அந்த எண்ணத்துக்குத் துணைபோகிறது. ஆனால், செத்துக் கரை ஒதுங்கிய டால்பினைப் பரிசோதனை மேஜைமேல் கிடத்தி, விலாவெலும்புகளை விலக்கி, நுரையீரலை வெளியே எடுத்து விரல்களால் அழுத்திப் பார்க்கும் மருத்துவருக்குக் கிடைக்கும் காட்சி வேறு. மெத்தென்று அமுங்க வேண்டிய திசுவில் அங்குமிங்குமாகக் கடினமான முடிச்சுகள் விரலில் தட்டுப்படுகின்றன. கத்தி பட்டதும் அவற்றிற் சில நறநறவென்று அரைபடுகின்றன, ஏனெனில் என்றோ செத்துப்போன புழுக்களைச் சுற்றி உடல் தானே சுண்ணாம்பு படியவைத்துக் கட்டிய சமாதிகள் அவை. மூச்சுக்குழலின் சிறு கிளை ஒன்றைக் கத்தரிக்கோலால் நீளவாட்டில் பிளந்தால், தலையை நுரையீரல் திசுவுக்குள் புதைத்து, வாலைக் காற்றுவழியில் தொங்கவிட்டுச் சுருண்டு கிடக்கும் வெண்ணிற இழைப் புழுக்களையும் காணலாம்.

மேஜையருகே நிற்கும் எவருக்கும், இந்தப் பிராணி புழுவால் செத்தது என்றே உடனே தோன்றும். காக்கை உட்கார்ந்த கணத்தில் பனம்பழம் விழுந்ததைக் கொண்டு, காக்கைதான் பழத்தைத் தள்ளிற்று என்று தீர்ப்புச் சொல்லுவது எத்தனை அவசரமோ, அத்தனை அவசரம் இதிலும் உண்டு. நமது தர்க்க சாஸ்திரிகள் காகதாலீய நியாயம் என்று பெயரிட்டு வைத்த இந்தச் சங்கடம், கடற்பிராணிகளின் வைத்தியத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு வழக்காகவே நடந்துவருகிறது. அந்த வழக்கின் போக்கைத் தெரிந்துகொள்ளும்போது, புழுவைப் பற்றித் தெரிந்துகொள்வதைவிட, சமுத்திரத்தில் மனிதன் கொண்டுபோய்க் கலந்தவற்றைப் பற்றியே நாம் அதிகம் தெரிந்துகொள்கிறோம்.

தாய் வழி வந்த புழு

அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில், வரிசையாக நிற்கும் மணல் தீவுகளின் மறைவில், மெக்ஸிகோ வளைகுடாவின் அலைவேகம் தணிந்து கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்புக்கு ஸரஸோட்டா விரிகுடா என்று பெயர். 1970-ஆம் ஆண்டில் பிளேர் இர்வைன் என்பவர் இங்கே குப்பிமூக்கு டால்பின்களை ஆராயத் தொடங்கியபோது, அவருக்கு உதவியாளராக வந்து சேர்ந்தவர் ராண்டல் வெல்ஸ் என்ற உயர்நிலைப் பள்ளி மாணவர். பிற்காலத்தில் அந்த ஆராய்ச்சிக்கே அவர் தலைவரானார். முதுகுத் துடுப்பின் பின்விளிம்பில் விழுந்திருக்கும் வெட்டுகளையும் வடுக்களையும் கொண்டு ஒவ்வொரு டால்பினையும் தனித்தனியே இனங்கண்டு, இன்னாருடைய குட்டி இது, இன்னாருடைய பேரன் அது என்று குடும்பக் கணக்கு எழுதிவைக்கும் இந்தப் பணி, காட்டு நிலையில் வாழும் டால்பின்களைப் பற்றி உலகில் மிக நீண்ட காலமாக இடைவிடாது நடந்துவரும் ஆராய்ச்சியாகும். ஏறத்தாழ 170 டால்பின்கள், ஐந்து தலைமுறைகள் வரை, அந்த ஏட்டில் இடம்பெற்றிருக்கின்றன. அவ்வப்போது ஆழமற்ற நீரில் வலையால் வளைத்து, மிருக வைத்தியர்கள் சூழ்ந்து நிற்க, நீளமும் எடையும் பார்த்து, இரத்தம் எடுத்து, ஒலியலைக் கருவியால் நுரையீரலைச் சோதித்து, மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகிறார்கள். செத்த உடலை மட்டும் பார்த்து வந்த ஒரு சாஸ்திரத்துக்கு, உயிரோடிருக்கும் உடலின் இலக்கணம் கிடைத்தது இவ்வாறுதான்.

மேலே சொன்ன நுரையீரல் புழுவுக்கு ஹாலோசெர்க்கஸ் லாஜினோரிங்கை என்று பெயர். 1925-இல் பேலிஸ், டாப்னி என்ற இருவர் அதனை முதலில் வருணித்தார்கள். இதன் இனத்தைச் சேர்ந்த மற்றக் கடற்புழுக்கள் மீன் வழியாக உடலுக்குள் புகுகின்றன என்பது பொதுவான அனுமானம். ஆனால் ஃப்ளோரிடாவில் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. பிறந்து சில நாட்களே ஆன, மீனின் ருசியையே அறியாத, சிசு நிலையில் இறந்த டால்பின்களின் நுரையீரலில் இந்தப் புழு வளர்ச்சியடைந்த நிலையில் இருந்தது. ஆகாரத்தின் வழியாக அது வந்திருக்க முடியாது, வளர்ந்து முதிர்வதற்குப் பிறந்தபின் கிடைத்த அவகாசமும் போதாது. எனவே கர்ப்பத்திலேயே, தாயின் உடலிலிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து, குட்டியை அது அடைந்திருக்க வேண்டும் என்று மர்ரே டெய்லியும் அவருடைய சகாக்களும் 1991-இல் சான்றுகளோடு எழுதினார்கள். நாயின் குடற்புழு ஒன்று இவ்வாறே தாயின் தசைகளில் உறங்கிக் கிடந்து, சினைக்காலத்தில் விழித்துக் கருவிலுள்ள குட்டிக்குச் செல்வது நெடுநாளாகத் தெரிந்த விஷயமாகையால், இதில் நம்புதற்கரியது ஒன்றுமில்லை.

டால்பினுக்கு நுரையீரல் என்பது நமக்கு இருப்பதைவிடக் கடுமையான வேலையுடைய உறுப்பு. நாம் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலில் உள்ள காற்றில் சிறு பகுதியையே மாற்றிக்கொள்கிறோம். டால்பினோ, தலையுச்சியிலுள்ள ஒற்றைத் துளையின் வழியாக, ஒரு நொடிக்குள்ளேயே, பெரும்பாலான காற்றை வெடித்தாற்போல் வெளியேற்றிப் புதுக்காற்றை நிரப்பிக்கொண்டு மூழ்குகிறது. காற்று சென்று வரும் வழியில் புழுவும் சளியும் அடைத்து நின்றால், பிறந்த முதல் வாரத்திலேயே தாயின் வேகத்துக்கு நீந்தியாக வேண்டிய குட்டிக்கு அது எத்தகைய அவஸ்தையாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருந்தும், வளர்ந்த டால்பின்களின் நுரையீரலில் பெரும்பாலும் உயிருள்ள புழுக்களைக் காட்டிலும் பழைய வடுக்களே மிகுதியாகக் காணப்படுகின்றன. பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த விருந்தாளியை உடல் மெல்ல மெல்ல அடக்கி, சுண்ணாம்புச் சுவருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மேற்கொண்டு பல பத்தாண்டுகள் வாழ்ந்துவிடுகிறது என்பதற்கு அந்த வடுக்களே நிரூபணம்.

உறுப்புக்கு ஒரு குடி

நுரையீரலோடு இந்தக் கதை முடிந்துவிடுவதில்லை. டால்பின் மீனை மெல்லுவதில்லை, முழுதாக விழுங்குகிறது. மீனுக்குள் இருப்பதெல்லாம் அப்படியே அதன் வயிற்றுக்குள் போகிறது. அனிசாகிஸ் என்னும் உருளைப் புழு, இரைப்பையின் சுவரில் கொத்துக் கொத்தாகத் தலையை நுழைத்துக்கொண்டு புண் உண்டாக்குகிறது. இதன் முட்டைகள் டால்பினின் மலத்தோடு கடலில் கலந்து, பொரிந்து, கூனிபோன்ற சிறு ஜந்துக்களாலும், அவற்றை உண்ணும் மீன்களாலும் கணவாய்களாலும் சுமக்கப்பட்டு, மறுபடியும் ஒரு டால்பினின் வாயை வந்தடையும் வரையில் காத்திருக்கின்றன. இடையில் மனிதன் அந்த மீனைப் பச்சையாகத் தின்றால் புழு வழிதவறி அவன் வயிற்றைத் துளைக்கிறது. நெதர்லாந்தில் இலேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீனைத் தின்று கடும் வயிற்றுவலிக்கு ஆளானவர்களிடம் இது 1960-இல் கண்டறியப்பட்டு, அதன்பின் அம்மீனை உறைய வைத்தே விற்க வேண்டும் என்று அந்நாட்டில் சட்டம் வந்தது. உறைகுளிர் புழுவைக் கொன்றுவிடும். உறைந்த மீனையே உண்டு மனிதரின் தொட்டியில் வளரும் டால்பின்களிடம் இந்தப் புழு புதிதாகத் தொற்ற வழியில்லாமல் போனதன் ரகசியமும் அதுவே.

தலைக்குள் குடியிருப்பவை இன்னும் அபாயமானவை. டால்பின் தான் எழுப்பிய ஒலியின் எதிரொலியைக் கேட்டே இரையையும் வழியையும் அறிகிற பிராணி. அதன் காதெலும்புகளைச் சுற்றிக் காற்று நிறைந்த அறைகள் உண்டு. நாசிட்ரீமா என்ற தட்டைப் புழு அந்த அறைகளில் வாழ்கிறது. சில சமயங்களில் மூளைக்குள்ளேயே புகுந்து முட்டையிட்டுத் திசுவை அழுகச் செய்கிறது. கிராசிகாடா என்ற நீண்ட உருளைப் புழு மண்டையோட்டின் அடிப்புறத்து எலும்பையே அரித்துச் சல்லடையாக்குகிறது. வேறு சில டால்பின் இனங்களில் பால்சுரப்பியைப் பற்றிக்கொண்டு, தாயின் பாலைக் கெடுத்து, கூட்டத்தின் பெருக்கத்தையே குறைத்துவிடுகிறது என்ற ஐயம் 1978-லேயே எழுந்தது.

இவற்றுக்கெல்லாம் டால்பின் கடைசி வீடு. ஆனால், டால்பினை வழியிடைச் சத்திரமாக மட்டும் பயன்படுத்திக்கொள்ளும் நாடாப் புழுக்களும் உண்டு. இவற்றின் இளம்பருவம், தோலுக்கடியிலுள்ள கொழுப்பில், அதுவும் அடிவயிற்றுக்கும் பிறப்புறுப்புக்கும் அருகிலேயே, சிறு கொப்புளங்களுக்குள் அசையாமல் கிடக்கிறது. இதன் முதிர்ந்த பருவம் பெருஞ்சுறாக்களின் குடலில் வாழ்வது. ஆகவே, சுறா வந்து கடிக்கக்கூடிய இடமாகப் பார்த்துப் புழு காத்திருக்கிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். டால்பினின் சாவு இந்தப் புழுவுக்கு அடுத்த பிறவியின் தொடக்கம்.

ஊர் காட்டும் சான்று

ஒவ்வொரு புழுவும் குறிப்பிட்ட சில மீன்கள் வழியாகவே வர முடியும் என்பதால், டால்பினின் புழுக்களைப் பார்த்து அது எங்கே மேய்ந்தது என்பதைச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஒதுங்கிய குப்பிமூக்கு டால்பின்களை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் ஜேம்ஸ் மீட், சார்லஸ் பாட்டர் ஆகிய இருவரும், 1995-இல் வெளியிட்ட கட்டுரையில், கரையோரம் வாழும் கூட்டமும் ஆழ்கடலில் வாழும் கூட்டமும் வெவ்வேறு என்று வாதித்தபோது, மண்டையோட்டின் அளவோடு வயிற்றுப் புழுவையும் சாட்சிக்கு அழைத்தார்கள். இரைப்பையில் ஒட்டிக்கொண்டு வாழும் பிரௌனினா என்ற தட்டைப் புழு இருந்தால் கரையோரத்து டால்பின்; கொழுப்பிலும் வயிற்றறையிலும் நாடாப் புழுவின் இளம்பருவம் இருந்தால் ஆழ்கடல் டால்பின். அவர்கள் சொன்னது எவ்வளவு பொருத்தம் என்பது 2022-இல் விளங்கிற்று. மரபணுவையும் எலும்பையும் ஒருங்கே ஆராய்ந்தவர்கள், அந்தக் கரையோரக் கூட்டத்தைத் தனி இனமாகவே பிரித்து, டர்ஸியாப்ஸ் எரிபெனஸ் என்ற பழைய பெயரை மீட்டெடுத்துச் சூட்டினார்கள். உருவத்தில் பெரிதும் ஒத்திருந்த இருவரை வேறு பிரித்துக் காட்டியதில் அற்பப் புழுவுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது.

குற்றமும் நிரூபணமும்

இனி நம் வழக்குக்கு வருவோம். டால்பின்கள் ஏன் கரையேறிச் சாகின்றன என்பதற்குக் காரணம் தெரியவில்லை என்று கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். 1972-இல், அமெரிக்கக் கடற்படையின் டால்பின் வைத்தியராக இருந்த ஸாம் ரிட்ஜ்வேயும் மர்ரே டெய்லியும், கலிபோர்னியாவில் ஒதுங்கிய டால்பின்களின் மூளையில் தட்டைப் புழுவின் முட்டைகளையும் அவை உண்டாக்கிய அழிவையும் கண்டு, கரையேறுவதற்கு இதுவும் காரணமாகலாம் என்றார்கள். 1987-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, கூட்டங்கூட்டமாகக் கரையேறும் பல்லுடைத் திமிங்கில வகைகளில், செவிக்குரிய எட்டாம் நரம்பைப் புழு சிதைத்துவிட்டதே காரணம் என்று தீர்ப்பே சொன்னார்கள். கேட்பதற்கு நிறைவான விளக்கந்தான்: திசையறியும் புலனைப் புழு கெடுத்தது, திசை தவறிய பிராணி தரையில் ஏறிற்று.

ஆனால், கரை ஒதுங்கிய உடலை மட்டுமே ஆராய்கிறவன், செத்தவர்களின் வீட்டை மட்டும் எண்ணிப் பார்த்து ஊர் முழுவதற்கும் கணக்குச் சொல்லுகிறவன் ஆகிறான். நன்றாக வாழ்ந்து கொண்டிருப்பவற்றின் தலைக்குள்ளும் அதே புழு இருந்தால் அந்த விளக்கம் என்னாவது? கனடாவின் கிழக்குக் கடலில் மீன்வலையில் தற்செயலாகச் சிக்கி இறந்த, டால்பினுக்கு உறவினமான கடற்பன்றிகளின் தலையறைகளைத் திறந்து பார்த்தபோது, ஸ்டெனூரஸ் என்ற புழு அவற்றில் ஏராளமாக இருந்தது. அந்தப் பிராணிகள் வழி தவறியவையல்ல, நலிந்தவையுமல்ல. வலை வந்து குறுக்கிடும்வரை தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவை. புழு இருந்தது என்பதும், புழுவால் கேடு வந்தது என்பதும் இரு வேறு வாக்கியங்கள் என்பதை அந்தக் கடற்பன்றிகள் உணர்த்தின.

அதற்காகப் புழுவைக் குற்றமற்றது என்று முழுவதும் விடுதலை செய்துவிடவும் முடியாது. கிழக்குப் பசிபிக் கடலில் சூரை மீன் பிடிக்கும் பெருவலைகளில் அகப்பட்டு இறந்த புள்ளி டால்பின்களின் மண்டையோடுகளை வில்லியம் பெரினும் ஜோஸப் பவர்ஸும் ஆராய்ந்து, 1980-இல் ஒரு நுட்பமான வாதத்தை முன்வைத்தார்கள். கிராசிகாடா அரித்த எலும்பின் பழுது எளிதில் மறையக் கூடியதன்று. ஆகவே வயது ஏற ஏறப் பழுதுள்ள மண்டையோடுகளின் விகிதம் கூட வேண்டும், குறைந்தபட்சம் அப்படியே நிற்கவாவது வேண்டும். அவர்கள் பார்த்ததோ, முதிர்ந்த வயதில் அந்த விகிதம் குறைந்திருந்தது. பழுதுபட்டவை முதுமையை எட்டவில்லை, இடையிலேயே மடிந்துவிட்டன என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் கற்பிப்பது கடினம். அந்த டால்பின்களின் இயற்கைச் சாவில் நூற்றுக்கு 11 முதல் 14 வரை இந்தப் புழுவின் கணக்கில் சேரும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். நோயால் ஒதுங்காமல் வலையில் அகப்பட்டவற்றைக் கொண்டு கணக்கிட்டதனாலேயே அந்த மதிப்பீட்டுக்கு இன்றளவும் கௌரவம் இருக்கிறது.

இரண்டு சீதனங்கள்

ஒரே புழு ஓர் உடலில் வடுவாக அடங்கிப்போவதும், மற்றோர் உடலில் உயிரைக் குடிப்பதும் எதனால்? உடலின் எதிர்ப்புச் சக்தி எப்படியிருக்கிறது என்பதே இதற்கு விடையாக வரும். அந்த விடையைத் தொடர்ந்து போனால் நாம் வந்து நிற்குமிடம் மனிதனின் தொழிற்சாலை வாசல்.

மின்மாற்றிகளின் எண்ணெயிலும் மற்றும் பல பொருள்களிலும் பயன்படுத்துவதற்காக அமெரிக்காவில் 1929 முதல் பெருவாரியாக உற்பத்தி செய்யப்பட்டவை பிசிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் குளோரின் இரசாயனங்கள். அவை எளிதில் சிதைவதில்லை, கொழுப்பில் தங்குகின்றன, சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும், அதிலிருந்து டால்பினுக்கும் போகப் போகச் செறிவு கூடிக்கொண்டே செல்கின்றன, எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கின்றன. இங்கிலாந்து, வேல்ஸ் கரைகளில் இறந்த கடற்பன்றிகளைப் பால் ஜெப்ஸனும் அவருடைய குழுவினரும் இரு வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள்: நல்ல உடல்நிலையில் இருந்து, வலையிற் சிக்குவது போன்ற விபத்தால் திடீரென இறந்தவை ஒரு வகை, புழு, பாக்டீரியா முதலியவை தந்த நோயால் இறந்தவை மற்றொரு வகை. நோயால் இறந்தவற்றின் கொழுப்பில் பிசிபி அதிகமாக இருந்தது என்று 1999-இல் அவர்கள் வெளியிட்டார்கள். காக்கையும் பழமும் கண்ணெதிரே இருக்க, மரத்தையே யாரோ உலுக்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் புலப்பட்டது.

ஸரஸோட்டாவின் குடும்ப ஏடு இதற்கு இன்னும் ஒரு பக்கத்தைச் சேர்த்தது. பெண் டால்பின் தன் கொழுப்பில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பிசிபியைத் தாய்ப்பாலின் வழியே வெளியேற்றுகிறது. தலைப்பிரசவத்துக் குட்டியே அதில் பெரும் பங்கைக் குடித்துவிடுகிறது. தலைக்குட்டிகள் அடுத்த குட்டிகளைக் காட்டிலும் அதிகமாக இறக்கின்றன. தாயின் அனுபவக் குறைவும் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்றாலும், பாலோடு போகும் நஞ்சை ஒதுக்கிவிட முடியாது. ஆக, ஃப்ளோரிடாவில் பிறக்கும் டால்பின் சிசு தாயிடமிருந்து இரண்டு சீதனங்களைப் பெறுகிறது. கர்ப்பத்தில் வருவது புழு. பாலில் வருவது பிசிபி. முதலாவது சீதனத்தை எதிர்க்க அதன் குலம் நெடுங்காலமாகப் பழகியிருக்கிறது. டால்பினின் நுரையீரல் புழுவுக்கு நெருங்கிய உறவினங்கள் இன்றும் நிலத்துப் பாலூட்டிகளின் மார்பில் வாழ்வதைக் கொண்டு, திமிங்கிலங்களின் மூதாதையர் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தை விட்டு நீரில் இறங்கியபோதே புழுவும் உடன் வந்திருக்கலாம் என்று கருதுவாரும் உளர். இரண்டாவது சீதனத்துக்கு வயது நூறு ஆண்டுகூட ஆகவில்லை. பழகிய சத்துருவை அடக்கி வைத்திருக்கும் காவலைப் பழகாத சத்துரு வந்து கலைத்துவிடுகிறது.

2010-ஆம் ஆண்டு மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைஸன் என்ற எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தபின் நிகழ்ந்தது இந்த விசாரணை முறைக்கு ஒரு பரீட்சை. எண்ணெய் படர்ந்த லூயிஸியானாவின் பராட்டாரியா விரிகுடாவில் உயிரோடு பிடித்துச் சோதித்த டால்பின்களில், மிதமானதும் கடுமையானதுமான நுரையீரல் நோய், எண்ணெய் எட்டாத ஸரஸோட்டா டால்பின்களில் இருந்ததைப்போல் ஐந்து மடங்கு கூடுதலாக இருந்தது. டால்பினின் நுரையீரலில் புழுவின் வடு சகஜம் என்பதைச் சொல்லி இதனை மழுப்பிவிட இடமில்லாமற் போனதற்குக் காரணம், எண்ணெய் படாத ஊரில் நுரையீரல் எப்படி இருக்கும் என்ற கணக்கு முன்னரே எழுதிவைக்கப்பட்டிருந்ததுதான்.

கடலில் உள்ள டால்பின்களுக்கெல்லாம் புழுமருந்து கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் செய்ய முடியாது. செய்ய முடிந்தாலும் செய்யத் தகாது. ஒரு புழு தன் வாழ்க்கையை முடிக்கக் கூனியும், சிறுமீனும், பெருமீனும், டால்பினும், சில சமயம் சுறாவும் வரிசை குலையாமல் இருந்தாக வேண்டும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் புழு முதலில் மறைந்துவிடும். ஆகவே, ஒட்டுண்ணிகள் நிறைந்திருப்பதே ஒரு நீர்நிலை முழுமையாக இருப்பதற்கு அடையாளம் என்று வாதிக்கிற உயிரியல் அறிஞர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். செய்யக்கூடியது வேறு. பிசிபி உற்பத்தியை அமெரிக்கா 1979-இல் தடைசெய்தது. 2001-இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின்படி, எஞ்சியிருக்கும் பிசிபி எண்ணெயையும் அது கலந்த சாதனங்களையும் 2028-க்குள் உலக நாடுகள் பத்திரமாக அழித்துவிட வேண்டும். பழைய மின்மாற்றி ஒன்றைத் திறந்து எண்ணெயை வாய்க்காலில் வடித்துவிடாமல் முறைப்படி எரித்தழிக்கிற தொழிலாளி, டால்பினைக் கண்ணாலேயே பார்த்திராவிட்டாலும், எந்த மிருக வைத்தியராலும் தர இயலாத சிகிச்சையை அதற்குத் தந்தவனாகிறான்.